நெடுவழியில் உடம்பின் கணக்கு

செகந்தராபாத்தைச் சேர்ந்த லாலாகுடாவிலே, 1893ஆம் ஆண்டில் நிஜாம் ராஜ்யத்து ரயில்வே கம்பெனியாரால் தொடங்கப்பெற்று, 1930இல் நிஜாம் சர்க்காரின் நேர் உடைமையாகி, 1951இல் மத்திய ரயில்வேயோடு சேர்ந்து, 1966 அக்டோபர் முதல் தென்மத்திய ரயில்வேயின் அங்கமாக இருந்துவரும் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒன்று உண்டு. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிரயாணிப் பெட்டிகளைச் சக்கரம் வேறு, ஸ்பிரிங் வேறு, கூடு வேறு என்று பிரித்துப் போட்டுப் பழுது பார்த்து, மறுபடியும் மனிதர்கள் இரவெல்லாம் தூங்கிச் செல்லத்தக்க நிலையில் அனுப்பி வைப்பது அதன் அன்றாட அலுவல். அந்தத் தொழிற்சாலையையும் அதை அடுத்த ரயில்வே ஆஸ்பத்திரியையும் மின்சார எஞ்சின் கொட்டகையையும் சுற்றி வளர்ந்த பேட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவர், தார்நாகா, ஹப்சிகூடா, உப்பல் வழியாக எல்.பி. நகர் சேர்ந்து விஜயவாடா ராஜபாட்டையைப் பிடிக்கலாம். அல்லது நகரைச் சுற்றிக்கொண்டு தெற்கே கர்நூல் நோக்கியோ வடக்கே நாகபுரி நோக்கியோ 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறலாம். சென்னை சுமார் 630 கிலோமீட்டர், பெங்களூர் 570, நாகபுரி 500. எந்தத் திசையில் போனாலும் ஒரு பகல் முழுவதும் வண்டியின் மேலேயே கழிய வேண்டியதுதான்.

அப்படிக் கழியும் பகலில் உடம்பு என்ன பாடுபடுகிறது, அந்தப் பாட்டை எவ்வளவு குறைக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். சௌகரியமென்றால் மெத்தை என்று எண்ணுவது சாமானிய வழக்கம். கடைக்காரர்களும் அந்த எண்ணத்தையே வளர்க்கிறார்கள். ஆனால் உடம்பு கேட்கும் கேள்வி வேறு. பாரம் எந்த இடத்தில் விழுகிறது, அதிர்வு வினாடிக்கு எத்தனை தரம் வருகிறது, அது ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற மூன்றையுமே உடம்பு கணக்கு வைக்கிறது. மெத்தையின் மென்மைக்கு அந்தக் கணக்கில் உள்ள இடம் மிகச் சிறியது.

இந்தக் கணக்கை ஒழுங்காக எழுதிப் பார்த்தவர்களுள் ரயில்வே சாஸ்திரிகள் முக்கியமானவர்கள். ஜெர்மனியில் 1941ஆம் ஆண்டு வாக்கில் ஸ்பெர்லிங் என்பவர் பெட்டியின் ஆட்டத்தை ஒரே எண்ணால் குறிக்கும் முறை ஒன்றை வகுத்தார். பெட்டியின் தரை எவ்வளவு பலமாக முடுக்கப்படுகிறது, எந்த அதிர்வெண்ணில் முடுக்கப்படுகிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைக்கும் அந்த எண் 1 என்றால் ஆட்டம் புலனுக்கு எட்டவே தொடங்கியிருக்கிறது என்று பொருள், 2 என்றால் தெளிவாகத் தெரிகிறது, 3 என்றால் பலமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், 3.5 என்றால் எரிச்சலூட்டுவது, நெடுநேரம் தாங்க முடியாதது. 4 என்றால் உடம்புக்குக் கேடு. இந்திய ரயில்வேயிலும் புதிய பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க இந்த அளவுகோல் பயன்பட்டு வந்திருக்கிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது 3.5க்கு எதிரே எழுதியுள்ள ‘நெடுநேரம்’ என்ற சொல். ஒரே ஆட்டம் பத்து நிமிஷத்துக்கு வேடிக்கையாகவும் ஐந்து மணி நேரத்துக்குத் தண்டனையாகவும் ஆகிறது. கடை வாசலில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து வண்டி வாங்குகிறவர்களுக்கு நெடுவழிச் சௌகரியம் பற்றி ஒன்றுமே தெரிய வழியில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

மனித சரீரம் எல்லா அதிர்வையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. முழு உடம்பு அதிர்வு பற்றி 1974இல் முதன்முதலாக வெளியாகி 1997இல் திருத்தப்பெற்ற சர்வதேசத் தர நிர்ணயம், உட்கார்ந்திருக்கிறவரின் உடம்பு மேலும் கீழுமான அசைவில் வினாடிக்கு 4 முதல் 8 தரம் வரும் அதிர்வுக்கே மிக எளிதில் வருந்துகிறது என்று கண்டது. பக்கவாட்டு அசைவில் அந்த எல்லை வினாடிக்கு 2 தரத்துக்கும் கீழே. காரணம் இதுதான். முதுகெலும்பு என்ற தண்டின் மேல் மார்பும், தோளும், தலையும், அடியில் தொங்கும் குடலும் கல்லீரலும் ஏற்றிவைத்த பாரங்களாக அமைந்திருக்கின்றன. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஒத்த தாளத்தில் தள்ளினால் சிறு தள்ளலுக்கே அது உயரப் போவதைப் போல, வினாடிக்கு ஐந்து தரம் வரும் குலுக்கலுக்கு இந்தப் பாரங்கள் ஒத்துழைத்து, இருக்கை அசையும் அளவைவிடத் தாங்கள் அதிகமாக அசைகின்றன. அவ்வசைவை அடக்க முதுகின் தசைகள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுருங்கி விரிய வேண்டியிருக்கிறது. ஓட்டுபவர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கையில், அவருடைய முதுகு மணிக்குப் பதினெண்ணாயிரம் தரம் வேலை செய்துகொண்டிருக்கிறது. மாலையில் இறங்கும்போது இடுப்பு நிமிர மறுப்பதில் என்ன ஆச்சரியம்?

ஸ்பிரிங்கின் கடமை, சாலை தரும் குலுக்கலை இந்த நாலு முதல் எட்டு என்ற பேட்டைக்குள் வராமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடுவது. இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. தன் மேல் உள்ள பாரத்தால் ஒரு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அதைக் கொண்டு அதன் இயல்பான ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். 25 சென்டிமீட்டர் அமுங்குமானால் வினாடிக்கு ஓர் ஆட்டம். 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்றரை. 4 சென்டிமீட்டர் என்றால் இரண்டரை. நாம் நடக்கும்போது வினாடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறோம். பிறந்து நடக்கத் தொடங்கிய நாள் முதல் பழகிய அந்தத் தாளத்தை ஒட்டியும் அதற்குக் கீழாகவும் உள்ள ஆட்டத்தை உடம்பு உபத்திரவமாகக் கொள்வதில்லை. சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கிய தொழிற்சாலையில் உருவாகி, ஆயுளில் பல தடவை லாலாகுடா போன்ற பட்டறைகளுக்குப் பழுதுபார்க்க வரும் பெட்டிகளில், அச்சுக்கு மேலே ஓர் அடுக்கும் அதற்கு மேலே இன்னோர் அடுக்குமாகச் சுருள் ஸ்பிரிங்குகளை வைத்திருப்பது, அமுங்குவதற்கு வேண்டிய தூரத்தை இரண்டு தவணையாகச் சம்பாதிப்பதற்காகவே. மோட்டார் சைக்கிளில் அவ்வளவு இடம் ஏது? சாதாரண சாலை வண்டியின் பின் சக்கரம் மேலும் கீழும் நகரக் கிடைப்பது எட்டு முதல் பதின்மூன்று சென்டிமீட்டர். மலைப்பாதைக்கென்று 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் அது 18. உட்காரும் உயரம் கூடிப்போகுமே என்ற கவலை ஒருபுறம் இழுக்க, உடம்பின் தேவை மறுபுறம் இழுக்க, இரண்டுக்கும் நடுவே எழுதிக்கொண்ட ராஜி உடன்படிக்கைதான் ஒவ்வொரு வண்டியின் ஸ்பிரிங்கும்.

சாலையும் தன் பங்குக்கு ஒரு விஷமம் செய்கிறது. நம் நாட்டில் சிமெண்ட் கான்கிரீட் சாலைகளில் குறுக்கு வெட்டுகளை வழக்கமாக நாலரை மீட்டருக்கு ஒன்றாகவே போடுகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22 மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே அந்த வேகத்தில் போகிறவரைச் சாலை வினாடிக்கு ஐந்து தரம் தட்டுகிறது. 65இல் நாலு, 100இல் ஆறுக்கு மேல். நெடுஞ்சாலையில் யாரும் ஓட்டக்கூடிய வேகமெல்லாம் உடம்பு வெறுக்கும் அந்தப் பேட்டைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வெட்டின் வாய் நன்றாக நிரவியிருந்தால் ஒன்றும் தெரியாது. ஓர் ஓரம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ தப்ப முடியாது. பழைய ரயில் பாதைகளில் தண்டவாளத் துண்டின் நீளம் 13 மீட்டர் என்பதால், அதே வேகத்தில் போன ரயிலுக்கு அந்தத் தட்டு வினாடிக்கு ஒன்றே முக்கால் தரம்கூட இல்லை. நமக்குத் தாலாட்டாகத் தோன்றிய அந்தத் தடக் தடக் ஓசையும் இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கியதால் அநேகமாக மறைந்துவிட்டது.

ஸ்பிரிங் பற்றி நிலவும் ஒரு தப்பெண்ணத்தை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. நீண்ட பிரயாணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் போய், “ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க” என்று கேட்கிறவர்கள் பலர்; அவரும் அடியில் உள்ள பல் வளையத்தை இரண்டு படி திருப்பிவிடுகிறார். அப்படித் திருப்புவதால் ஸ்பிரிங்கின் கடினம் கடுகளவும் கூடுவதில்லை. அது முன்கூட்டியே சற்று நெருக்கப்படுகிறது, அதனால் வண்டி உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆளும் மூட்டையும் ஏறிய பின் வண்டி எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவு தாழும்படி வைப்பதே அந்த வளையத்தின் வேலை. மொத்த நகர்வில் கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் வரை தாழ்ந்து நிற்பது சாதாரணச் சாலைக்குப் போதுமானது. அதற்குக் குறைந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இடமில்லாமல் வண்டி துள்ளும். மிகுந்தால் மேட்டில் ஏறும்போது அடிமுட்டி, அந்த அடி நேரே தண்டுவடத்துக்குப் போகும். ஸ்பிரிங் ஏற்றுக்கொண்ட ஆட்டத்தைத் தணிப்பது அதனுள் இருக்கும் எண்ணெயின் பொறுப்பு. பெரம்பூர்ப் பெட்டிகளில் அச்சின் மேலுள்ள உருளைகளில் எண்ணெய் குறைந்தால் பெட்டி முரட்டுத்தனமாக ஆடும் என்பதைப் பட்டறைத் தொழிலாளிகள் அறிவார்கள்; அதனால் அதன் மட்டத்தைப் பார்ப்பது அங்கே ஒரு நியமம். மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கிலும் அதே எண்ணெய்தான் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அது ஒழுகித் தரையை நனைக்கும் வரை வண்டிக்காரர்களில் பலர் அதை நினைப்பதுகூட இல்லை.

இனி எஞ்சின். சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பெருமையெல்லாம் அதன் ஒற்றைச் சிலிண்டரில் இருக்கிறது. அதன் உபத்திரவமும் அங்கேயே இருக்கிறது. மேலே போய்க் கீழே வரும் ஒரு பிஸ்டனுக்கு எதிரே ஈடு செய்ய இன்னொரு பிஸ்டன் இல்லாததால், சுழலும் அச்சின் மறுபுறத்தில் ஒரு கனத்தை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கனம் மேல் கீழ் உதைப்பைப் பாதியாகக் குறைத்தால், குறைந்த பாதி முன் பின் உதைப்பாக மறுபிறவி எடுக்கிறது. அதை ஒழிக்க வேண்டுமானால் எதிர்த் திசையில் சுழலும் இன்னொரு கன அச்சு வேண்டும். அந்த அச்சை 2020இல் வந்த, அதே கம்பெனியின் மீட்டியோர் 350இன் எஞ்சினில் சேர்த்தார்கள். பழைய புல்லட்டின் ரசிகர்களில் சிலர் வண்டியின் ஜீவனே போய்விட்டதாகப் புலம்பினார்கள். ஜீவன் என்று அவர்கள் கொண்டாடியது, நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓடும் எஞ்சின் வினாடிக்கு ஐம்பது தரம் உள்ளங்கையில் தட்டும் தட்டுதான். இந்த வேக அதிர்வு முதுகை எட்டுவதில்லை. கைப்பிடியிலும் கால்தாங்கியிலும் நின்று விரல்களின் நரம்பையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் வருத்துகிறது. காற்று உளியால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளிகளின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற வைத்திய அம்மையார் ஆராய்ந்து எழுதினார். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்தக் கதி எளிதில் வருவதில்லை என்றாலும், இரண்டு மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போவது அதே குடும்பத்தைச் சேர்ந்த முன்னறிவிப்பே. கைப்பிடியின் நுனியில் கனமான உலோகக் குண்டுகளைப் பொருத்துவதால் அதன் சுயமான அதிர்வெண் இறங்கி, எஞ்சினோடு ஒத்தூதுவது குறைகிறது. அதைவிடச் செலவில்லாத மருந்து, பிடியைத் தளர்த்துவது. இறுகப் பிடித்த கை அதிர்வைத் தோள் வரை அழைத்துச் செல்லும். மணிக்கட்டு மடங்காமல் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்கும்படி க்ளட்ச், பிரேக் லீவர்களைச் சற்றுத் தாழ்த்தி வைப்பதற்கு ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிஷமும் போதும்.

இருக்கைக்கு வருவோம். உட்காருகையில் நம்மைத் தாங்குவது சதையன்று; இடுப்பெலும்பின் அடியிலே துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு குமிழ் எலும்புகள். எழுபது கிலோ எடையுள்ளவரின் பாரத்தில் ஐம்பது கிலோ இருக்கையின் மேல் விழுவதாகவும், மோட்டார் சைக்கிள் சீட்டில் உடம்பு பதியும் பரப்பு எண்ணூறு சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், சராசரி அழுத்தம் பாதரச அளவில் 46 மில்லிமீட்டர் ஆகிறது. எலும்புக் குமிழின் அடியில் அதற்கும் பல மடங்கு. யூஜீன் லாண்டிஸ் என்பவர் 1930இல் மனித நகக்கண்ணின் மிக நுண்ணிய ரத்தக் குழாயில் ரத்தம் நுழையுமிடத்து அழுத்தத்தை அளந்தபோது கிடைத்தது 32 மில்லிமீட்டர். நகக்கண்ணின் அளவை அப்படியே பிருஷ்ட பாகத்துக்குப் பொருத்துவது சரியல்ல என்று பின்னால் வந்தவர்கள் சொன்னது நியாயந்தான். ஆயினும் வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை மீறினால் ரத்தம் தடைப்படும், தடைப்பட்ட இடத்தில் பிராணவாயு குறையும், குறைந்தால் நரம்பு முறையிடும் என்ற அடிப்படைக்கு அதனால் பங்கமில்லை. அந்த முறையீட்டைத்தான் நாம் எரிச்சல் என்றும், மரப்பு என்றும், உட்கார முடியவில்லை என்றும் சொல்கிறோம்.

இங்கேதான் மெத்தை நம்மை ஏமாற்றுகிறது. மிருதுவான ஸ்பாஞ்சு முதல் அரை மணி நேரத்துக்குச் சொர்க்கமாயிருக்கும். பிறகு எலும்புக் குமிழ்களின் அடியில் மட்டும் முழுவதும் நசுங்கி அடித்தகட்டைத் தொட்டுவிடும். அதன் பின் அங்கே மெத்தையே இல்லாததற்குச் சமானம். சற்றுக் கடினமானதும் அகலமானதுமான இருக்கை, தொடையின் பின்பாகத்துக்கும் பாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதால், முதலில் முகம் சுளிக்க வைத்தாலும் நானூறாவது கிலோமீட்டரில் தன் யோக்கியதையைக் காட்டும். சீட்டின் மேல் தலையணையைக் கட்டிக்கொண்டு போகிறவர்களை நெடுஞ்சாலையில் பார்க்கிறோம். உயரம் கூடிக் கால் எட்டாமல் போவதும், இடுப்பு வழுக்குவதும்தான் அதில் கண்ட லாபம். சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களின் படுக்கைப்புண்ணைத் தடுப்பதற்கென்று ஒன்றோடொன்று காற்றுத் தொடர்புள்ள சிறு அறைகளாலான மெத்தைகளைச் செய்தார்கள். அந்த வகை இப்போது மோட்டார் சைக்கிளுக்கும் கிடைக்கிறது. அழுத்தம் கூடிய அறையிலிருந்து காற்று அடுத்த அறைக்கு நகர்ந்து பாரத்தைச் சமப்படுத்துவது அதன் தந்திரம். அதைக் குறைவாக ஊதவேண்டும். பந்தாக ஊதிவிட்டுப் பயனில்லை என்று தூற்றுகிறவர்கள் உண்டு. உள்ளாடையின் தையலும் ஜீன்ஸின் தடித்த மடிப்புத் தையலும் எலும்புக்கடியில் அகப்பட்டால் எந்த மெத்தையும் காப்பாற்றாது.

ஆனால் எந்த இருக்கைக்கும் மேலான உபாயம், அதன் மேல் தொடர்ந்து உட்காராமலிருப்பதே. காலடித் தாங்கியின் மேல் அரை நிமிஷம் எழுந்து நின்றால் தடைப்பட்ட ரத்தம் திரும்பி ஓடுகிறது. மோசமான சாலையிலோ முழங்கால்கள் தாமே ஸ்பிரிங்காகி முதுகுக்கு விடுமுறை தருகின்றன. கால்களை முன்னே நீட்டி ராஜதோரணையில் சாய்ந்து உட்காரும் வண்டிகளை நான் நெடுவழிக்குச் சிபாரிசு செய்யாததன் காரணம் இதுதான். கால் முன்னே இருப்பதால் எழுந்து நிற்க முடியாது. மேல் உடம்பின் பாரம் முழுவதும் வால் எலும்புக்கே கணக்காகிறது. முன்னே குனிந்து படுக்கும் பந்தய வண்டிகளில் அதே பாரம் மணிக்கட்டுக்குப் போகிறது. லேசாக முன்சாய்ந்து, கால்தாங்கி இடுப்புக்கு நேர் கீழே ஏறத்தாழ அமைந்த சாதாரண வண்டியே அந்தப் பாரத்தை இருக்கைக்கும் கைக்கும் காலுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது.

முதுகெலும்பின் வட்டுகளைப் பற்றி ஒரு சுவாரசியமான விவாதம் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்து, நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்றார். உலகமெங்கும் வைத்தியர்கள் அதை ஒப்பித்தார்கள். 1999இல் ஜெர்மனியில் வில்க்கே என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஒரே ஒரு தொண்டரின் வட்டில் அளந்தபோது, நிற்கையில் 0.50 மெகாபாஸ்கல், தளர்ந்து உட்காருகையில் 0.46 என்று வந்தது. முதுகை முழுவதும் வளைத்துக் குனிந்து உட்கார்ந்தபோதோ 0.83. ஆகவே உட்காருவது குற்றவாளியன்று. வளைந்து உட்காருவதே குற்றவாளி. மூன்றாவது மணியில் களைத்த முதுகு தானாகவே வளையத் தொடங்குகிறது என்பதை ஓட்டுகிற எவரும் அறிவார்.

காற்று நண்பனா பகைவனா என்பது வேகத்தைப் பொறுத்தது. நிமிர்ந்திருப்பவரின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஏழு கிலோ பாரத்தின் அளவு தள்ளும் காற்று, 100இல் பத்தொன்பது கிலோ அளவு தள்ளுகிறது. வேகத்தின் வர்க்கமாக அது பெருகும். அந்தத் தள்ளலை வயிறும் கழுத்தும் கையும் சேர்ந்து எதிர்க்க வேண்டும். முன்கண்ணாடி அதைத் தடுத்தாலும், அதன் மேல் விளிம்பில் சுழித்து வரும் காற்று தலைக்கவசத்தை மத்தளமாக அடிக்குமானால் கண்ணாடியே இல்லாமலிருப்பது மேல். ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 60 கிலோமீட்டரிலேயே சுமார் 90 டெசிபெல். 100ஐத் தாண்டியதும் அதுவும் நூறை நெருங்கும். நூறு டெசிபெல்லை நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் கணக்கு. பஞ்சு போன்ற நுரையாலான காதடைப்பான் சில ரூபாய்தான். செவிக்கு அது தரும் பாதுகாப்பைக் காட்டிலும், மாலையில் மூளைக்குத் தரும் தெளிவு பெரிது.

உஷ்ணத்தைப் பற்றித் தெலுங்கானத்தில் இருந்துகொண்டு சுருக்கமாகப் பேச முடியாது. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அதற்குக் கீழே காற்று வீசினால் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதற்கு மேலே, மே மாதத்து ஆதிலாபாத் சாலையில் 43 டிகிரியில் வீசினால், சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். அப்போது ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக் காற்று வாங்குவதாக நினைப்பவர், உண்மையில் அடுப்பின் கதவைத் திறக்கிறார். அந்த நிலையில் உடம்புக்குள்ள ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகிறது. வறண்ட காற்று வேகமாக வீசுகையில் வியர்வை தோலில் தெரிவதற்கு முன்பே உலர்ந்துவிடுவதால், தமக்கு வியர்க்கவேயில்லை என்று ஓட்டுபவர் நம்புகிறார். நாக்கு வறளும்போது கணக்கு ஏற்கெனவே பற்றில் விழுந்திருக்கும். பருத்திச் சட்டையை நனைத்து உள்ளே அணிந்து, மேலே ஜாக்கெட்டைக் கழுத்து மட்டும் சற்றுத் திறந்து பூட்டிக்கொண்டால், ஆவியாகும் வேகம் கட்டுப்பட்டு ஒரு மணி நேரம் குளிர்ச்சி நீடிக்கும். இந்த உபாயம் விஜயவாடா தாண்டிக் கடற்கரை ஓரம் போகும்போது பலிக்காது. ஓங்கோல், நெல்லூர்ப் பக்கத்து ஈரக்காற்றில் எதுவும் ஆவியாக மறுக்கிறது. அங்கே நிழலும் ஓய்வுமே மருந்து. குடிப்பதில் வெறும் நீரைவிட உப்புப் போட்ட நீர்மோர் சிலாக்கியம். பேதிக்கென்று மருந்துக் கடையில் விற்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தையும் கலந்து குடிக்கலாம்.

தூரத்தைப் பற்றிய வீராப்பு இரண்டு விதம். அமெரிக்காவில் 1984இல் தோன்றிய ஒரு சங்கம், ஆயிரம் மைலை இருபத்துநாலு மணி நேரத்தில் ஓட்டி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. நிற்பது, பெட்ரோல் போடுவது எல்லாம் சேர்த்து மணிக்கு 67 கிலோமீட்டர் சராசரி. நம்மவர்களிலும் அதை முடித்தவர்கள் உண்டு. மற்றொரு விதத்துக்கு உதாரணம் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. ஜெய் பாரதியின் தலைமையில் நான்கு பெண்கள் 2018 பிப்ரவரியில் இங்கிருந்து ஒற்றைச் சிலிண்டர் பஜாஜ் டோமினார் வண்டிகளில் கிளம்பி, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று சுற்றி, ஏறக்குறைய எட்டு வாரங்களில் சுமார் 17,000 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பினார்கள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு முன்னூறு கிலோமீட்டர். லாலாகுடாவிலிருந்து கர்நூலையும் தாண்டிப் போகும் தூரம் அது. யாரும் வியக்க மாட்டார்கள். ஆனால் இரவில் தூங்கிய முதுகு காலையில் பற்று வரவைத் தீர்த்துவிட்டுப் புதிய கணக்குத் தொடங்குவதால், முன்னூறு முன்னூறாக உலகத்தின் பாதியை அளக்கலாம். முதல் வகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது உடம்பின் சோதனை, பிரயாணம் வேறு.

பின்னிருக்கையில் இருப்பவரைப் பற்றிச் சாஸ்திரங்கள் அதிகம் பேசுவதில்லை. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உட்கார்ந்திருக்கும் ஓட்டுபவருக்குச் சக்கரத்தின் தூக்கலில் பாதிதான் வந்து சேருகிறது. பின்னால் இருப்பவரோ அநேகமாக அச்சின் நேர் மேலே இருப்பதால் முழுத் தூக்கலும் அவருக்கே. பள்ளம் வருவது ஓட்டுபவருக்குக் கண்ணால் தெரிகிறது. அவருடைய தசைகள் முன்கூட்டியே ஆயத்தமாகின்றன. பின்னால் இருப்பவர் தோளைத் தவிர ஒன்றையும் காண்பதில்லை. நம் நாட்டில் புடவை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக உட்காரும் வழக்கத்தால் இடுப்பு ஒரு திசையும் தோள் ஒரு திசையுமாக முதுகு முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய முதுகு குலுக்கலைத் தாங்கும் சக்தி நேரான முதுகினும் குறைவு. கைப்பிடியும், கால்தாங்கியும், புடவை சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தை மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. அதற்கு மேல் அவருடைய சௌகரியத்தைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. ஆகவே இருவராகப் போகிறபோது நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி அவரைச் சற்று நடக்கவிடுவதும், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரத்தக்க உடையில் கிளம்புவதும், பின் ஸ்பிரிங்கின் வளையத்தை இரண்டு மூன்று படி ஏற்றி வைப்பதும் அவசியம். ஊர் போய்ச் சேர்ந்து அவர் இறங்கிய பின், தனியாகத் திரும்புகிறவர் அந்த வளையத்தைப் பழைய படிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும் வழியெல்லாம் பின் சக்கரம் துள்ளிக்கொண்டே வரும்.